“முதலாளி சொன்னார், போட்டேன்!”

அந்தக் காலத்து மளிகை மண்டிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கல்லாப்பெட்டிக்கு முன்னால் முதலாளி உட்கார்ந்திருப்பார். கொஞ்சம் தள்ளி, சாய்வு மேஜையில் பேரேட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒருவர் எழுதிக்கொண்டே இருப்பார். அவர்தான் கணக்குப்பிள்ளை.

கடை முதலாளியுடையது. பணமும் முதலாளியுடையது. லாபம் வந்தால் முதலாளி வீட்டில் நகை. நஷ்டம் வந்தால் முதலாளி வீட்டில் அழுகை. ஆகவே கணக்குப்பிள்ளை ஒரே ஒருவருக்குப் பதில் சொன்னால் போதும்.

ஆனால் பெரிய கம்பெனி அப்படி அல்ல. அதற்கு முதலாளி ஒருவர் இல்லை. லட்சக்கணக்கான பேர் இருக்கிறார்கள். பங்கு வாங்கிய ஒவ்வொருவரும் ஒரு சிறு முதலாளி. அவர்களில் பென்ஷன் வாங்கும் ஆசிரியர் இருக்கிறார். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்து வைக்கும் தாய் இருக்கிறாள். அவர்கள் யாரும் கம்பெனிக்குள் போய்ப் பெட்டியைத் திறந்து பார்க்க முடியாது. அச்சடித்து வரும் கணக்கை நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை.

அந்தக் கணக்கு உண்மை என்று கையெழுத்துப் போட்டுச் சொல்பவர்களில் ஒருவர் இருக்கிறார். அவரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

யார் இவர்?

அவருக்குத் தலைமை நிதி அதிகாரி என்று பெயர். ஆபீசில் “சி.எப்.ஓ.” என்பார்கள். கம்பெனியின் பெரிய கணக்குப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவருடைய வேலை என்ன?

வரவும் செலவும் ஒழுங்காக எழுதப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். சம்பளத்துக்கும் சரக்குக்கும் கடன் தவணைக்கும் பணம் தட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அரசாங்கத்துக்கு வரி கட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, “இவ்வளவு லாபம், இவ்வளவு நஷ்டம்” என்று பங்குதாரர்களுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும்.

ஆடிட்டர் வேறு, இவர் வேறு. ஆடிட்டர் வெளியிலிருந்து வந்து கணக்கைச் சோதிப்பவர். இவர் உள்ளே இருந்து கணக்கைத் தயாரிப்பவர். சமைப்பவர் ஒருவர். ருசி பார்ப்பவர் இன்னொருவர். சமைப்பவரே உப்புக்குப் பதில் வேறு எதையோ போட்டால், ருசி பார்ப்பவருக்குச் சில சமயம் தெரியாமலே போய்விடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2013-ம் ஆண்டில் நம் நாட்டில் புதிய கம்பெனிகள் சட்டம் வந்தது. பங்குச் சந்தையில் பெயர் பதிந்த ஒவ்வொரு கம்பெனியும் தலைமை நிதி அதிகாரி ஒருவரைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. செலுத்தப்பட்ட பங்கு மூலதனம் ரூ.10 கோடியோ அதற்கு மேலோ உள்ள மற்ற பப்ளிக் கம்பெனிகளுக்கும் இதே விதிதான்.

சேர்மன் தம் இஷ்டத்துக்கு ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார வைக்க முடியாது. டைரக்டர்கள் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். பங்குச் சந்தையில் உள்ள கம்பெனியாக இருந்தால், தணிக்கைக் குழுவின் சம்மதமும் வேண்டும். தணிக்கைக் குழு என்பது டைரக்டர்கள் சிலர் சேர்ந்து கணக்கைக் கண்காணிக்கும் குழு. அதில் பெரும்பாலோர் கம்பெனியோடு சொந்தக் கொடுக்கல் வாங்கல் இல்லாத டைரக்டர்களாக இருக்க வேண்டும்.

நாற்காலி காலியானால் வெகுகாலம் காலியாக வைக்கக் கூடாது. ஆறு மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்று கம்பெனிகள் சட்டம் சொல்கிறது. பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் வாரியமான “செபி”, சந்தையில் உள்ள கம்பெனிகளுக்கு அந்தக் கெடுவை 2023-ல் மூன்று மாதமாகக் குறைத்தது. வீட்டுக்குக் காவல்காரன் இல்லாமல் எத்தனை நாள் இருப்பது?

ஆண்டுக் கணக்கில் இவர் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று மாதக் கணக்கை டைரக்டர்கள் முன்னால் வைக்கும்போது, தலைமை நிர்வாகியும் இவரும் சேர்ந்து உறுதி கொடுக்க வேண்டும். “இந்தக் கணக்கில் பொய்யான விவரம் இல்லை. முக்கியமான எதையும் நாங்கள் மறைக்கவில்லை” என்பது அந்த உறுதியின் சாரம். பொய் சொல்வது மட்டும் குற்றம் அல்ல. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவதும் குற்றம்.

தெரிந்தே பொய்க் கணக்குக் கொடுத்தால் என்ன ஆகும்?

அது மோசடி. பெருந்தொகை மோசடிக்கு ஆறு மாதம் முதல் பத்து ஆண்டு வரை ஜெயில். பொதுமக்கள் நலன் பாதிக்கப்பட்டால் மூன்று ஆண்டுக்குக் குறையாது. அபராதமும் உண்டு. மோசடி செய்த தொகைக்குக் குறையாமல், அதைப்போல மூன்று மடங்கு வரை அபராதம் போடலாம்.

நல்ல எண்ணத்தோடு செய்த கணக்கில் தவறு நேர்ந்துவிட்டால் அதை மோசடி என்று சட்டம் சொல்வதில்லை. மனிதன் தவறு செய்யக் கூடியவன். தவறு என்று தெரிந்த பிறகும் கையெழுத்துப் போடுகிறானே, அங்கேதான் குற்றம் பிறக்கிறது.

ஐதராபாத்தில் நடந்தது

இந்தச் சட்டம் இவ்வளவு கடுமையாக வந்ததற்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது.

ஐதராபாத்தில் சத்யம் கம்ப்யூட்டர் என்று ஒரு கம்பெனி இருந்தது. சுமார் 50 ஆயிரம் பேருக்கு வேலை கொடுத்த கம்பெனி. சத்யம் என்றால் உண்மை. பெயருக்கு ஏற்ற கம்பெனி என்று உலகம் நம்பியது. கம்பெனியை நல்ல முறையில் நிர்வகிப்பதற்காக 2008-ம் ஆண்டில் அதற்குப் பரிசு கூடக் கிடைத்தது!

2009-ம் ஆண்டு ஜனவரி 7-ந் தேதி. கம்பெனியின் சேர்மன் ராமலிங்க ராஜு டைரக்டர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தைப் படித்தவர்கள் திடுக்கிட்டுப் போனார்கள்.

கம்பெனிக்கு ரொக்கமாகவும் பாங்கியிலும் ரூ.5,361 கோடி இருப்பதாகக் கணக்கில் எழுதியிருந்தது. அதில் ரூ.5,040 கோடி இல்லவே இல்லை என்று சேர்மனே ஒப்புக்கொண்டார்!

அந்தப் பணத்தை யாராவது திருடிக்கொண்டு போனார்களா? அந்தக் கடிதத்தின்படி, அந்தப் பணம் எந்தக் காலத்திலும் இருந்ததே இல்லை. காகிதத்தில் மட்டும் இருந்தது.

இது எப்படி நடந்தது? வராத வருமானம் வந்ததாக முதலில் எழுதினார்கள். அதற்குப் போலி பில்கள் தயாரித்தார்கள். “வருமானம் வந்தது என்கிறீர்களே, பணம் எங்கே?” என்று யாராவது கேட்பார்கள் அல்லவா? அதற்காகப் பாங்கியில் இருப்பதாக எழுதினார்கள். பாங்கியில் இருந்தால் வட்டி வர வேண்டுமே? வராத வட்டியும் ரூ.376 கோடி எழுதினார்கள். ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய்!

2008-ம் ஆண்டு செப்டம்பரோடு முடிந்த மூன்று மாதத்தில், தொழிலில் கிடைத்த லாபம் ரூ.649 கோடி என்று கணக்குக் காட்டினார்கள். உண்மையான லாபம் ரூ.61 கோடிதான் என்று கடிதம் சொன்னது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவர்கள் ஒரு பூசணித் தோட்டத்தையே மறைத்தார்கள்.

புலி மேல் ஏறியவன் இறங்க வழி தெரியாமல் தவித்ததைப் போல ஆகிவிட்டது தம் நிலை என்று ராமலிங்க ராஜு அதில் எழுதியிருந்தார்.

முதல் நாள் ரூ.179 விலை போன பங்கு, அன்று மாலை ரூ.40-க்கு இறங்கியது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு ஒரே பகலில் கரைந்தது. வேலை நிலைக்குமா என்று 50 ஆயிரம் வீடுகளில் கவலை. பிறகு வேறு ஒரு கம்பெனி சத்யத்தை வாங்கி நடத்தியதால், பெரும்பாலோர் பிழைத்தார்கள்.

வழக்கு ஆறு ஆண்டு நடந்தது. 2015-ம் ஆண்டு ஏப்ரல் 9-ந் தேதி ஐதராபாத் தனிக் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. பத்துப் பேர் குற்றவாளிகள். சேர்மனாக இருந்த ராமலிங்க ராஜுவுக்கு ஏழு ஆண்டு ஜெயில். தலைமை நிதி அதிகாரியாக இருந்த வட்லமானி சீனிவாசுக்கும் ஏழு ஆண்டு ஜெயில். அவர்கள் அப்பீல் செய்தார்கள். அடுத்த மாதமே மேல் கோர்ட்டு தண்டனையை நிறுத்தி வைத்து ஜாமீன் கொடுத்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. சேர்மனுக்கும் ஏழு. நிதி அதிகாரிக்கும் ஏழு. “அவர் முதலாளி, இவர் வெறும் சம்பளக்காரர்” என்று அந்தக் கோர்ட்டு ஜெயில் காலத்தில் வித்தியாசம் பார்க்கவில்லை.

“இந்த ஒரு தடவைதான்!”

இது நம் நாட்டு நோய் மட்டும் அல்ல. அமெரிக்காவில் இதற்கு முன்பே நடந்தது.

அங்கே மிசிசிப்பி மாநிலத்தில் “வேர்ல்டுகாம்” என்று ஒரு பெரிய டெலிபோன் கம்பெனி இருந்தது. மற்ற டெலிபோன் கம்பெனிகளின் கம்பிகளை உபயோகிப்பதற்காக அது கட்டணம் கொடுத்து வந்தது. அது செலவு. ஆனால் அந்தச் செலவைச் சொத்து என்று கணக்கில் எழுதினார்கள். பஸ் டிக்கெட்டு வாங்கிய பணத்தை, பவுன் வாங்கியதாக நோட்டில் எழுதுவது போல! செலவு குறைந்தது, லாபம் கூடியது. எல்லாம் காகிதத்தில்.

அந்தப் பொய்யை எழுதும்படி கீழே வேலை பார்த்தவர்களுக்கு உத்தரவு வந்தது. அவர்களில் ஒரு பெண். வேலையை ராஜினாமா செய்துவிடலாம் என்று அவர் நினைத்தார். கடிதமும் எழுதினார். “இந்த ஒரு தடவைதான். இனிமேல் இப்படி நடக்காது” என்று மேலே இருந்தவர்கள் சமாதானம் சொன்னார்கள். அந்த அம்மாள் வேலையில் தங்கிவிட்டார். ஒரு தடவை இரண்டு தடவை ஆயிற்று. இரண்டு நாலு ஆயிற்று.

அதே கம்பெனியில் இன்னொரு பெண். சிந்தியா கூப்பர் என்று பெயர். கம்பெனிக்கு உள்ளேயே கணக்கைச் சோதிக்கும் பிரிவுக்கு அவர் தலைவி. அவருக்குச் சந்தேகம் வந்தது. “இதைக் கிளறாதே” என்று தடுத்தார்கள். அவர் கேட்கவில்லை. தம் குழுவோடு இரவு நேரங்களில் உட்கார்ந்து கணக்கைத் தோண்டினார். 2002-ம் ஆண்டு ஜூன் மாதம் பொய் வெளியே வந்தது.

கம்பெனி திவாலாகியது. தலைமை நிர்வாகி பெர்னி எபர்சுக்கு 25 ஆண்டு ஜெயில். தலைமை நிதி அதிகாரி ஸ்காட் சல்லிவன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நிர்வாகிக்கு எதிராகச் சாட்சி சொன்னார். அதனால் அவருக்கு ஐந்து ஆண்டு. உத்தரவுக்குப் பணிந்து கணக்கு எழுதிய பெண்ணுக்கும் ஐந்து மாதம் ஜெயில்.

சாட்சி சொன்னவருக்கும் ஜெயில், கீழ்ப்படிந்தவருக்கும் ஜெயில். எதிர்த்து நின்ற சிந்தியா கூப்பரை அந்த ஆண்டின் சிறந்த மனிதர்களில் ஒருவராக அமெரிக்காவின் “டைம்” பத்திரிகை தேர்ந்தெடுத்தது.

அந்த ஆண்டு ஜூலை மாதமே அமெரிக்காவில் புதிய சட்டம் வந்தது. கணக்கு பொய் என்று தெரிந்தும் வேண்டுமென்றே உறுதிக் கையெழுத்துப் போடும் நிர்வாகிக்கும் நிதி அதிகாரிக்கும் 20 ஆண்டு வரை ஜெயில் என்று அது சொல்கிறது.

யார் போட்ட உப்பு?

“உப்பிட்டவரை உள்ளளவும் நினை” என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். நல்ல வார்த்தை. ஆனால் இந்த வேலையில் உப்புப் போட்டவர் யார்?

அறைக்குள் கூப்பிட்டு, “கொஞ்சம் கூட்டி எழுதுங்கள்” என்று சொல்கிற சேர்மனா? சம்பளச் சீட்டைப் பாருங்கள். சம்பளம் கொடுப்பது கம்பெனி. கம்பெனி யாருடையது? பென்ஷன் வாங்கும் ஆசிரியருடையது. கல்யாணத்துக்குச் சேர்க்கும் தாயுடையது. உப்புப் போட்டவர்கள் அவர்கள்தான். சேர்மனும் அவர்கள் உப்பைத் தின்பவர்தான்.

ஆகவே, பொய்க் கணக்குக்குச் சம்மதிப்பவர் முதலாளிக்கு விசுவாசமாக நடக்கவில்லை. உண்மையான முதலாளிகளுக்குத் துரோகம் செய்கிறார்.

பாவம், அவர் என்ன செய்வார்?

“பேசுவது சுலபம். மாட்டேன் என்று சொன்னால் மறுநாளே சீட்டுக் கிழிந்துவிடும். வீட்டு வாடகை யார் கொடுப்பது? பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளம் யார் கட்டுவது?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது சரியல்ல.

இன்று சில வழிகள் இருக்கின்றன. “இது சரியல்ல” என்று வாயால் சொல்லாமல் எழுத்தில் எழுதி வைக்கலாம். தணிக்கைக் குழுவிடம் நேரே போகலாம். பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகளில், தவறைக் கண்டவர் பயம் இல்லாமல் புகார் செய்ய ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

வேறு வழியே இல்லை என்றால் ராஜினாமா செய்யலாம். அதிலும் 2023-ல் ஒரு நல்ல விதி வந்தது. பங்குச் சந்தையில் உள்ள கம்பெனியின் நிதி அதிகாரி விலகினால், அவர் காரணம் சொல்லி எழுதிய கடிதத்தைக் கம்பெனி ஏழு நாளில் பங்குச் சந்தைக்கு வெளியிட வேண்டும். முன்பெல்லாம் “சொந்தக் காரணம்” என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். இப்போது அந்த அதிகாரிக்குத் தைரியம் இருந்தால், அவர் எழுதும் கடிதம் ஊருக்கே தெரியும்.

ஆனால் இது போதாது என்பது நம் கருத்து.

தண்டனையைக் கூட்டிய சட்டம், பாதுகாப்பை அந்த அளவுக்குக் கூட்டவில்லை. நியமிக்கும்போது தணிக்கைக் குழுவின் சம்மதம் வேண்டும் என்கிறார்கள். வெளியே அனுப்பும்போதும் அதே குழு அவரைத் தனியாகக் கூப்பிட்டு, “என்ன நடந்தது?” என்று கேட்க வேண்டும். அந்தக் குழுவின் சம்மதம் இல்லாமல் அவரை விலக்க முடியாது என்று விதி செய்ய வேண்டும். ஆண்டுக்கு ஒரு தடவையாவது, சேர்மன் இல்லாத அறையில் அந்தக் குழு நிதி அதிகாரியோடு பேச வேண்டும். பக்கத்தில் புலி உட்கார்ந்திருந்தால் ஆடு வாய் திறக்குமா?

இன்னொன்று. சில கம்பெனிகளில் பங்கு விலை ஏறினால் நிதி அதிகாரிக்கும் லாபம் என்று சம்பளத்தை அமைக்கிறார்கள். தராசு பிடிப்பவனுக்கே எடைக்குத் தக்க கூலி கொடுத்தால், கை கொஞ்சம் அழுத்தத்தான் செய்யும். இதையும் மாற்ற வேண்டும்.

நமக்கு என்ன?

“எங்கள் வீட்டில் யாரும் பங்கு வாங்கவில்லை. எங்களுக்கு என்ன வந்தது?” என்று நினைக்க வேண்டாம். தொழிலாளர் பிராவிடண்டு பண்டின் ஒரு பகுதி 2015-ம் ஆண்டு முதல் பங்குச் சந்தையில் போடப்படுகிறது. எல்.ஐ.சி.யும் கம்பெனிகளின் பங்குகளை வாங்குகிறது. ஆலையில் வேலை செய்பவரின் பணமும், பாலிசி கட்டும் வீட்டின் பணமும் அங்கே இருக்கின்றன.

பங்கு வைத்திருப்பவர்கள், ஆண்டறிக்கை வந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். லாபம் எவ்வளவு என்று பார்த்தபின், கையெழுத்துப் போட்டிருப்பவர்கள் யார் என்றும் பாருங்கள். நிதி அதிகாரி அடிக்கடி மாறுகிறாரா? ஏன் மாறினார்? கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கடைசியாக, வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை.

இன்று நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் கணக்குப் படித்துவிட்டுக் கம்பெனிகளில் வேலை பார்க்கிறார்கள். பையன் ஆபீசிலிருந்து வருகிறான். சாப்பாடு இறங்கவில்லை. ராத்திரி தூக்கம் இல்லை. “சம்பளம் எப்போது கூடும்?” என்று மட்டும் அவனிடம் கேட்காதீர்கள். “ஏண்டா தம்பி, முகம் வாடியிருக்கு? ஆபீசில் ஏதாவது தப்பாக எழுதச் சொல்கிறார்களா?” என்று கேளுங்கள்.

“வேலை போனால் போகட்டும். கஞ்சி குடித்துக்கொள்ளலாம். பொய்யில் கையெழுத்துப் போடாதே” என்று ஒரு தாய் சொல்லிவிட்டால், அதைவிடப் பெரிய பாதுகாப்பு அவனுக்கு எந்தச் சட்டத்திலும் கிடையாது.

“முதலாளி சொன்னார், போட்டேன்” என்பது கோர்ட்டில் செல்லாது. அது முதலாளியின் கையெழுத்து அல்ல. போட்டவனின் கையெழுத்து.